ரெண்டு தலைக்கு ஒரே உடம்பு

வா புஷ்பம், வா. அந்த ஸ்டூல இழுத்துப் போட்டு உக்காரு. எந்திரிச்சு உக்கார முடியல, பாத்தியா, ரெண்டு கையிலயும் மாவுக்கட்டு. தோள்ல இருந்து விரல் நுனி வரைக்கும் அப்பி வச்சிருக்கானுவ. மூக்கு அரிச்சா சொறியக்கூட ஆளு வேணும். பக்கத்துக் கட்டில்காரரு பனையில இருந்து விழுந்து இடுப்பொடிஞ்சு கெடக்காரு, அவரால எந்திரிக்க முடியாது. சுவத்துல தேச்சுக்கிட வேண்டியதுதான். கட்டுப் போட்ட பையனுக்கு மாவு கலக்கத் தெரியல, அங்கங்க கட்டி. நான் கலக்கியிருந்தா பளிங்கு மாதிரி இருக்கும்.

சகாயம் எப்படி இருக்கான்? இரு, இரு, அழாத. நீ அழுதா எனக்கும் வரும், தொடைக்கக் கையில்ல. முதல்ல நான் சொல்லுததக் கேளு. நீ எதுக்கு வந்திருக்கன்னு தெரியாதா எனக்கு? இன்ஸ்பெக்டர் இன்னைக்கு என்னையப் பாக்க வாராரு. சிலையில நடந்த கோளாறுக்கு சகாயம் காரணமில்லன்னு நான் அவருகிட்டச் சொல்லணும். அவன் மேல போட்ட கேச எடுக்கணும். அதுக்குத்தானே பெரிய ஆஸ்பத்திரியில அவனை விட்டுட்டு இங்க பஸ் ஏறி வந்திருக்க? சொல்லுவோம். சொல்ல மாட்டேன்னா சொன்னேன்? ஆனா நடந்தது என்னன்னு முழுசாத் தெரியாம நீ என்னையத் தப்பா நெனச்சிரக் கூடாது. நான் யாருக்கும் கெடுதல் நெனச்சவன் இல்ல. அதை முதல்ல மனசுல வச்சுக்கோ.

இந்தத் தொழில ஆரம்பிச்சது யாரு? நான். கல்யாண மண்டபத்துக்குத் தெர்மாகோல்ல அன்னம், மயிலு வெட்டிக்கிட்டுக் கெடந்தவன் ஒரு நாள் செல்போன்ல பாத்தேன். ஒருத்தன் ரப்பர் அச்சுக்குள்ள பாகு மாதிரி எதையோ, ரெசினாம், ஊத்துதான். கொஞ்சங் கழிச்சு உரிக்கான். உள்ள சிங்கம் உக்காந்திருக்கு! பிடரி முடி ஒவ்வொண்ணும் தெரியுது. அடேயப்பா, இதுல்லா தொழில்னு நெனச்சேன். ஒரு தடவ அச்சு எடுத்துட்டா ஊத்த வேண்டியது, உரிக்க வேண்டியது, ஊத்த வேண்டியது, உரிக்க வேண்டியது.

மண்ணுல உருவம் புடிக்க மட்டும் ஒரு ஆளு வேணும். உன் புருசன் அப்போ என்ன செஞ்சுக்கிட்டு இருந்தான்? கிறிஸ்மஸ் வந்தா குடிலுக்கு ஆட்டுக்குட்டியும் ஒட்டகமும் செஞ்சு விப்பான், மத்த மாசமெல்லாம் பெயிண்டு அடிக்கப் போவான். நான்தான் கூப்பிட்டேன். ‘லே சகாயம், மண்ணு மழையில கரைஞ்சிரும். ரெசின்னா உன் பேரன் காலத்துக்கும் நிக்கும்’னேன். சிரிச்சான். அவன் சிரிப்பு எனக்கு எப்பவும் புடிக்காது, நம்மளவிடக் கூட ஏதோ தெரிஞ்ச மாதிரி சிரிப்பான். ஆனாலும் பார்ட்னர்னுதான் சேத்தேன். கூலிக்காரன்னு ஒரு நாளும் சொன்னதில்ல. போர்டுல அவன் பேரு ஏன் இல்லன்னு நீ அப்பவே கேட்ட. போர்டுல இடம் பத்தல, அதான்.

முதல் உருப்படி சிங்கந்தான், மண்டப வாசலுக்கு. அவன் மண்ணுல செஞ்சு குடுத்தான், நல்லாத்தான் செஞ்சிருந்தான். அது மேல மாவு பூசி அச்சு எடுத்தோம். அந்த அச்சுக்குள்ள மெழுகு தேய்க்கணும், காயவிடணும், மறுபடி தேய்க்கணும். அப்பத்தான் உள்ள ஊத்துத ரெசின் ஒட்டாம வெளிய வரும். எனக்கு அவசரம். ஒரு தடவ கையால இழுகிட்டு ஊத்திட்டேன். மறுநா பாத்தா அச்சும் சிங்கமும் கட்டிப் புடிச்சிக்கிட்டு நிக்கு. பிரியல. உளியப் போட்டேன், சுத்தியலப் போட்டேன். ஆத்திரம் வந்தா எனக்குக் கண்ணு தெரியாது, தெரியும்லா. அடிச்ச அடியில சிங்கத்துத் தாடை பிஞ்சுக்கிட்டு வந்துச்சு. ஒரு காது தெறிச்சு ரோட்டுல போயி விழுந்துச்சு. பின்னால நின்னுக்கிட்டு ‘அண்ணாச்சி, மெழுகு தேச்சியளா?’ன்னு கேக்கான். அந்த நேரத்துல அதைக் கேக்கலாமா ஒருத்தன்? சுத்தியல வீசிட்டேன். மேல படலியே! காது ஓரமாத்தான் போச்சு. அதுக்குப் போயி எத்தனையோ நாளு மூஞ்சத் தூக்கி வச்சிக்கிட்டு இருந்தான். பொம்பளப் பிள்ளை மாதிரி.

அப்புறம் அந்தத் தீ. ரெசின் இறுகுததுக்கு ரெண்டு மருந்து உண்டு. ஒண்ணு ஊதா நெறம், கோபால்ட்டும்பாவ. இன்னொண்ணு தண்ணி மாதிரி, ஹார்டனரு. ஒண்ண ரெசின்ல போட்டு நல்லாக் கலக்கிட்டு அப்புறமாத்தான் அடுத்தத ஊத்தணும். ரெண்டையும் நேருக்கு நேரா சேத்தா தீப்புடிக்கும்னு கடைக்காரன் சொல்லித்தான் குடுத்தான். கடைக்காரன் ஆயிரம் சொல்லுவான். ஒரே டப்பாவுல ரெண்டையும் ஊத்திட்டேன். குப்புன்னு எந்திரிச்சுச்சு பாரு! சகாயம் பக்கத்துல குனிஞ்சு நிக்கான். ரெண்டு புருவமும் போச்சு. கோழிய வாட்டுன நாத்தம். நான் சிரிச்சிட்டேன், என்ன செய்ய, அவன் மூஞ்சி அப்படி இருந்துச்சு. புருவம் மறுபடி மொளைக்கலியா? மொளைச்சிருச்சுல்லா?

சொல்ல வந்தது அது இல்ல. கை. இந்தக் கதையெல்லாம் அந்தக் கையினால வந்தது.

வடக்கூர்க்காரவுக வந்து உலகநாதப் பெரியவருக்குச் சிலை கேட்டாவ. பெரியவரு போய்ச் சேந்துட்டாலும் அந்த ஊருக்கு அவருதான் எல்லாம். கல்யாணப் பத்திரிகையில சாமி படத்துக்கு மேல அவரு படம் இருக்கும். வேட்டி, சட்டை, தோள்ல துண்டு, வலது கைய முன்னால நீட்டிக்கிட்டு நிக்கணும்னாவ. முகத்த சகாயம் போட்டோவப் பாத்துச் செஞ்சான். பாக்க வந்த கிழவி ஒருத்தி செருப்பக் கழட்டிட்டுக் கும்பிட்டா. கை மட்டும் வரல. செய்யுதான், கலைக்கான். செய்யுதான், கலைக்கான். ‘விரலு வாழைக்கா மாதிரி இருக்கு அண்ணாச்சி’ங்கான். ‘லே, உனக்குன்னு ஒரு கை இருக்குல்லா, அதையே அச்செடுத்துருவோம்’னேன். என் யோசனைதான். அவனுக்கு அதெல்லாம் ஓடாது.

தேங்காண்ணெயத் தேச்சு, மாவைக் குழைச்சு அவன் கையில கனமா அப்பினேன். வீடியோவுல வேற மாவு போடுதான், அது சுடாது போல. நம்மகிட்ட இருந்தது இந்தா என் கையில இருக்கே, இதே சாதி மாவு. இறுகும்போது சூடு குடுக்கும், கனமா அப்பினா கொதிக்கும். எனக்கு அது அப்போ தெரியாது. ‘அண்ணாச்சி, சுடுது’ன்னான். ‘பொறுலே’ன்னேன். ‘அண்ணாச்சி, எடுங்க, எடுங்க’ன்னு கத்துதான், காலப் போட்டு மேசைய உதைக்கான். பாதியில எடுத்தா அச்சு கெட்டுரும்லா? அவன் கைய மேசையோட சேத்து அமுக்கி, மேல ஏறி உக்காந்துட்டேன். ஆடு அறுக்கையில கத்துமே, அப்படிக் கத்துனான். இறுகுனதும் ரெண்டு பாதியாப் பிளந்து எடுத்தா, கையில இருந்த முடியெல்லாம் அச்சோட போயிருச்சு. கொஞ்சம் தோலும். நீதானே மருந்து போட்டுக் கட்டிவிட்ட. என்னையத் திட்டவும் செஞ்ச. நான் ஒண்ணும் மனசுல வைக்கல.

ஆனா கை வந்துச்சு பாரு! ரேகை, நகக்கண்ணு, நரம்பு எல்லாம் அப்படியே. சின்ன வயசுல கபடியில ஒடிஞ்சு கோணிப்போன அந்தச் சுண்டு விரலுகூட வெளிப்பக்கமா வளைஞ்சு அப்படியே நிக்கு. சகாயம் அதைப் பாத்துட்டு, ‘இந்த விரல மட்டும் வெட்டி நிமித்திருவோம் அண்ணாச்சி, பெரியவருக்குக் கோணல் விரல் இல்ல’ன்னான். ‘கெடக்கட்டும்லே, சிலை அம்புட்டு உசரத்துல நிக்கும், கீழ நிக்கவனுக்குச் சுண்டு விரலா தெரியும்?’னேன். விட்டுட்டான். அன்னைக்கு அவன் இன்னுங் கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருந்தா நான் கேட்டிருப்பேன். சொல்லல. அதை நீயும் யோசிச்சுப் பாக்கணும்.

ரெண்டு ஊருக்கும் ரோடு பிரியுத விலக்குல ரோட்டோரமாப் பீடங் கட்டிச் சிலைய நிப்பாட்டுனாவ. வேட்டு, மேளம், மாலை. எனக்குப் பொன்னாடை போத்துனாவ. சகாயத்துக்கும் போத்தியிருப்பாவ, அவன் பின்னால நின்னான். அதைப் பாத்துட்டுத் தெக்கூர்க்காரனுவளுக்குப் பொறுக்கல. ரெண்டு ஊருக்கும் என்னைக்குமே ஆகாது, உனக்குத் தெரியாததா. அவனுவ தலைவரு ஞானமுத்து. அவரும் செத்துப்போனவருதான். உசுரோட இருந்தப்போ அவரும் பெரியவரும் ஒரே டீக்கடையில கிளாஸ் தொட்டதில்ல. ‘ரோட்டுக்கு இந்தப் பக்கம் எங்க தலைவரு நிக்கணும், அவரு நெனவு நாளுக்குள்ள நிக்கணும்’னு வந்து நின்னானுவ. ‘ஆவட்டும்’னேன். வார வேலைய விட முடியுமா?

அப்பத்தான் நீங்க குடும்பத்தோட வேளாங்கண்ணிக்குப் புறப்பட்டிய. போவாதிய, வேலை கெடக்குன்னு நான் சொன்னேனா இல்லையா? நேர்ச்சைன்னு போயிட்டிய. சகாயம் தலைய மட்டும் செஞ்சு வச்சிட்டு, ‘உடம்ப வந்து செய்யுதேன் அண்ணாச்சி. இவரு பருமனான ஆளு, கைய இடுப்புல வச்சிக்கிட்டுத்தான் நிப்பாரு, போட்டோ இருக்கு’ன்னுட்டுப் பஸ் ஏறிட்டான். இங்க நெனவு நாளு நெருங்குது. தெக்கூர்க்காரன் தெனமும் பைக்ல வந்து வாசல்ல நிக்கான். நான் ஒத்தையில என்ன செய்வேன்?

பழைய அச்சு மூலையில கெடந்துச்சு. பெரியவர் உடம்பு, நீட்டுன அந்தக் கையோட. யோசிச்சுப் பாத்தேன். வேட்டி எல்லாருங் கட்டுததுதான், சட்டை எல்லாரும் போடுததுதான். உடம்புல ஊர் பேரா எழுதியிருக்கு? மெழுகத் தேச்சேன், நல்லாத் தேச்சேன், அந்தப் பாடத்த மறக்கல. ரெசின ஊத்துனேன், கண்ணாடி நாருப் பாயை உள்ள ஒட்டுனேன், உரிச்சேன். ஒரு குத்தம் சொல்ல முடியாது. கழுத்துல ஞானமுத்து தலைய வச்சு ஒட்டி, துண்டுக்கு வேற கலரு அடிச்சேன். மனுசனுக்கு மனுசன் என்ன வித்தியாசம்? அதைச் சொன்னா ஊர்ல எல்லாவனுங் கைதட்டுவான். செஞ்சு காட்டுனா வெட்ட வாரான்.

உன் புருசன் திரும்பி வரும்போது சிலை பீடத்துல ஏறியாச்சு. பாத்துட்டு வந்து என்னைய ஒரு பார்வை பாத்தான். ‘அண்ணாச்சி, அது என் கை. ரெண்டுலயும் என் கை நிக்கு. தார்ப்பாயப் போட்டு மூடுங்க, நான் ஒரு ராத்திரியில மாத்திருதேன்’னான். மூடுனா எதுக்கு மூடுதன்னு கேக்க மாட்டானுவளா? ‘பேசாம இருலே’ன்னு நெஞ்சுல கைய வச்சுத் தள்ளுனேன். தள்ளத்தான் செஞ்சேன். அவன் போயி டிரம்முல மோதுனதுக்கு நானா பொறுப்பு?

ஒருத்தனுந் தெரியாமத்தான் இருந்தான் புஷ்பம். ரோட்டுக்கு அங்கிட்டு ஒருத்தரு, இங்கிட்டு ஒருத்தரு. ரெண்டு பேரும் எதிரும் புதிருமாக் கைய நீட்டிக்கிட்டு நிக்காவ. எவனோ ஒரு லாரி டிரைவரு, வெளியூர்க்காரன், டீ குடிக்க நின்னவன் பாத்திருக்கான். ரெண்டு கையையும் கிட்டத்துல போட்டோ எடுத்து, பக்கத்துல பக்கத்துல ஒட்டி, ‘அண்ணன் தம்பியா?’ன்னு எழுதி வாட்ஸப்புல விட்டுட்டான். அம்புட்டுதான். ‘எங்க பெரியவர் உடம்ப வெட்டி அவனுக்குக் குடுத்துட்டான்’னு வடக்கூர். ‘எங்க தலைவருக்கு அவன் உடம்பா’ன்னு தெக்கூர். விலக்குல முதல்ல கல்லு. அப்புறம் அரிவாள். டீக்கடைக்காரரு மண்டை போச்சு, பஸ்ஸுக் கண்ணாடி எல்லாம் போச்சு. சிலை ரெண்டையும் கயித்தக் கட்டி இழுத்துப் போட்டு, அவன் இவன் தலைய மிதிக்கான், இவன் அவன் தலைய மிதிக்கான். உடம்ப மட்டும் ரெண்டு பேரும் தொடல. எது யாரு உடம்புன்னு அவனுவளுக்கே தெரியல.

நம்ம பட்டறைக்கு முதல்ல வந்தது வடக்கூர். நான் சோத்துல கைய வச்சிருக்கேன், ஷட்டரு மேல தடதடன்னு இடி. உள்ள வந்து கண்ணுல பட்டதெல்லாம் உடைச்சானுவ. லெச்சுமி, பிள்ளையாரு, நம்ம சர்ச்சுக்குச் செஞ்ச சம்மனசு, எல்லாம். சம்மனசு றெக்கையப் புடுங்கி என் முதுகுல அடிச்சான் ஒருத்தன். கழுத்துல அரிவாள வச்சான் இன்னொருத்தன். ரத்தம் சட்டைக்குள்ள எறங்குது, சூடா இருக்கு. ‘எவன் செஞ்சான்?’னு கேக்கான்.

நீயே சொல்லு, என்னதான் சொல்லுவேன்? நான்தான்னு சொன்னா இப்போ உனக்கு முன்னால இப்படிப் பேசிக்கிட்டு இருப்பேனா? ‘சகாயந்தான்’னேன். ‘அவன் அசலூரு. உங்க ரெண்டு ஊரையும் கேலி பண்ணணும்னே செஞ்சிருக்கான், எனக்குத் தெரியாது’ன்னேன். ‘ஆளு எப்படி இருப்பான்? நாங்க பாத்ததில்லியே’ங்கான். வாயில வந்துருச்சு புஷ்பம். ‘வலது கைச் சுண்டு விரலப் பாருங்க. சிலையில இருக்குத மாதிரியே கோணியிருக்கும்’னேன். சொன்ன பொறவு, சே, சொல்லியிருக்க வேண்டாமேன்னு இருந்துச்சு. ஆனா அரிவாள் கழுத்துல இருந்து எறங்கிருச்சு. எனக்கு மூச்சு வந்துச்சு. ஓடியிருப்பான், அவனுக்குத்தான் நல்லா ஓட்டம் உண்டே, புடிச்சாலும் நாலு அடி போட்டு விட்டுருவானுவன்னு நெனச்சேன்.

அதோட முடிஞ்சுதா? அவனுவ அங்கிட்டுப் போவ, தெக்கூர் இங்கிட்டு வருது. அதே கேள்வி. நானும் அதே பதிலு, அதே அடையாளம். ஆனா இவனுவ கேட்டுட்டுப் போவல. ‘செஞ்சது அவன்னா ஊத்துனது நீதானே’ன்னான் ஒருத்தன். சிலைக் காலுக்குள்ள நிப்பாட்டுத இரும்புக் குழாய் கெடந்துச்சு. என் கைய மேசை மேல நீட்டிப் புடிச்சானுவ. முதல் அடியில சத்தந்தான் கேட்டுச்சு, பச்சைக் கம்ப ஒடிச்ச மாதிரி. வலி ரெண்டாவது கைக்குத்தான் வந்துச்சு. நான் கத்துதேன், அவனுவ சிரிக்கானுவ. ஒரு மனுசன் வலியில துடிக்கையில எப்படிச் சிரிக்க மனசு வருது, சொல்லு? மேல ஏறி உக்காந்து அமுக்கிக்கிட்டுச் சிரிக்கானுவ. மிருகங்க. அப்புறம் டப்பாவெல்லாம் மிதிச்சு நசுக்குனான் ஒரு கிறுக்கன், எல்லா மருந்தும் ஒண்ணாச் சேந்து குப்புன்னு புடிச்சுது. அந்தக் கிறுக்கன் வேட்டியோட எரிஞ்சுக்கிட்டு ஓடுனான். என்னைய யாரோ காலப் புடிச்சு வெளிய இழுத்தாவ. பட்டறை போச்சு. அச்செல்லாம் போச்சு.

போலீசு வந்து கேட்டுது. மயக்கத்துல இருந்தேன். முன்ன சொன்னதையே சொல்லிட்டேன் போல. மாத்திச் சொன்னா சந்தேகப்படுவாவல்லா. அதனாலதான் சகாயம் மேல கேசு. கலவரத்தத் தூண்டுனான்னு. எனக்கு ரெண்டு கை போச்சு, என் மேலயும் பாதி கேசு போட்டா நியாயமா? அவனுக்கு ஏதோ ஒரு கையில அடின்னாவ. ஒரு கைதானே. கட்டுப் போட்டா கூடிரும். வந்துட்டான்னா புதுசா ஒரு அச்சு...

என்ன?

திருப்பிச் சொல்லு. சத்தமாச் சொல்லு, இந்தக் காதுலயும் அடி.

வெட்டிட்டானுவளா? மணிக்கட்டோடயா?

எந்தக் கை?

ஏசுவே. எங்க வச்சு? பஸ் ஸ்டாண்டுலயா... ஓடலியா அவன்? ஏன் ஓடல? தேடுதானுவன்னு யாரும் சொல்லலன்னு டீ குடிச்சுக்கிட்டா நின்னான்? கிளாசப் புடிச்சிருந்த கைய இழுத்துச் சுண்டு விரலப் பாத்தானுவளா? பாத்து... ரெண்டு ஊர்க்காரனுமா? ஒருத்தன் புடிச்சு நீட்ட, அடுத்த ஊர்க்காரன் வெட்டுனானா? ரெண்டு ஊரும் ஒரு வேலைய ஒண்ணாச் செஞ்சு நான் கேட்டதே இல்லியே. கை கெடைக்கலியா? ஐஸ்ல வச்சுக் கொண்டு போனா ஒட்ட வைக்கலாம்பாவளே. நாய் தூக்கிட்டா... போதும், சொல்லாத. போதும்மா.

அந்தக் கைய மாதிரி ஒரு கை இல்ல புஷ்பம். எனக்குத் தெரியும். ஆட்டுக்குட்டி செஞ்சான்னா காதுக்குள்ள ரோமம் தெரியும். நான் அவனை ஆயிரம் வைவேன், அவன் மண்ணுல கைய வச்சா வேலைய விட்டுட்டுப் பாத்துக்கிட்டே நிப்பேன். பொறாமையா இருக்கும். ஆமா, பொறாமைதான், உன்கிட்டச் சொல்லுததுக்கு என்ன? இப்படி ஆவும்னு தெரிஞ்சிருந்தா சொல்லியிருப்பேனா? கண்ணு மறைக்கி, உன் முந்தானையால கொஞ்சம் தொடச்சு விடு. ஆங், அப்படி.

சொல்லிருதேன். இன்னைக்கு இன்ஸ்பெக்டர் வரட்டும். ‘ரெண்டாவது சிலைய ஊத்துனது நான், அவன் ஊர்லயே இல்ல, வேளாங்கண்ணியில இருந்தான்’னு சொல்லிருதேன். உன் பிள்ளைங்க மேல சத்தியம். நீ பக்கத்துலயே நில்லு. உன்னைய வச்சிக்கிட்டே சொல்லுதேன். என்ன வந்தாலும் வரட்டும்.

பூட்ஸ் சத்தம் கேக்குதே. அவருதான்.

வணக்கங்கய்யா. கும்பிட முடியல, மன்னிச்சிருங்க. வாங்க வடக்கூர்ப் பிரசிடெண்டு, நீங்களும் வந்திருக்கியளா? அட, தெக்கூர்ச் செயலாளரும்! ஒரே காருலயா வந்திய? சமாதானக் கூட்டம் முடிஞ்சிருச்சா, ரொம்ப சந்தோசம்யா. ஊரு நல்லா இருந்தாப் போதும். இந்தக் கையெல்லாம் கூடிரும், அதுக்கென்ன. சின்னப் பையனுவ ஏதோ வேகத்துல... நான் யாரையும் பாக்கலியே. மூஞ்சி ஒண்ணும் நெனப்பில்ல.

புதுச் சிலையா? ரெண்டுமா? நானேவா? என்னைய நம்பித் தாரியளா? வேற வேற உடம்புதான் பிரசிடெண்டு, சத்தியமா. பெரியவருக்குத் தனி, தலைவருக்குத் தனி. கையி, காலு, செருப்பு வாரு வரைக்கும் தனி.

ஆமாங்கய்யா, அன்னைக்குச் சொன்னதுதான். மாத்துததுக்கு என்ன இருக்கு? ரெண்டாவது சிலை ஊத்தும்போது நான் ஊர்லயே இல்ல. திருச்செந்தூருக்குப் போயிருந்தேன். அவன்தான் பட்டறையில தனியா இருந்தான். ஆமாங்கய்யா, சகாயந்தான். ரெண்டு ஊருக்கும் வேண்டாதவன் ஒருத்தன் செஞ்சது, ரெண்டு ஊரும் எதுக்கு அடிச்சிக்கிடணும்? சரியாச் சொன்னிய.

இவளா? அவன் வீட்டுக்காரிதான். சும்மா பாக்க வந்தா. பாவம். போயிட்டு வாங்கய்யா. வணக்கம், வணக்கம்.

ஏன் எந்திரிச்சிட்ட? உக்காரு. பாத்தேல்ல, மூணு பேரு கட்டிலச் சுத்தி நிக்காவ. அந்தச் செயலாளரு என் கட்டு மேல கைய வச்சிக்கிட்டே பேசுனாரு, கவனிச்சியா? பயம் புஷ்பம். எனக்கு உசுரு போற பயம், வேற ஒண்ணும் இல்ல. நான் உண்மையச் சொல்லிட்டா மட்டும் அவனுக்குக் கை மொளைச்சிருமா? சொல்லு. எனக்கு இருக்கதாவது கூடி வரணும்ல. கேச நான் வக்கீலு வச்சுப் பாத்துக்கிடுதேன். சகாயம் வெளிய வந்தா என்கிட்டயே வரட்டும், நான் விட்டுருவேனா? மெழுகு தேய்க்க இடது கை போதும். எல்லாம் பழையபடி ஆயிரும்.

பேசு, நாலு வார்த்தை வையி, வாங்கிக்கிடுதேன். இப்படிப் பாக்காத.

சரி, போ. பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னா போ. பேசிப் பேசி நாக்கு ஒட்டிக்கிட்டு. போறதுக்கு முன்னால அந்தத் தம்ளர்ல இருக்க தண்ணிய மட்டும் என் வாயில ஊத்திட்டுப் போ. ஆங், அதுதான். எடு.

அங்க எதுக்குக் கொண்டு போற? சன்னல்லயா வைக்க? புஷ்பம்... ஏ புஷ்பம், அது எனக்கு எட்டாதுல்லா!